கடைசிப் பிள்ளை

குமணன்சாவடி
3-8-1941

சிரஞ்சீவி தம்பி லோகநாதனுக்கு, அண்ணன் கோதண்டம் ஆசீர்வதித்து எழுதியது. நான் சுகம். நீ சுகமா என்பதை ரேடியோவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு வேம்புலி என்னைப் பூந்தமல்லி காபி கிளப்புக்கு இழுத்துப் போனான். ரேடியோவில் குழந்தைகள் நிகழ்ச்சி, அண்ணன் தம்பி நாடகம். அண்ணன் கோழியைத் துரத்திக்கொண்டு போய்ச் சாணிக் குழியில் விழுகிறான். தம்பி அம்மாவிடம் கோள் சொல்லிவிட்டு, அண்ணன் பங்கு அதிரசத்தையும் தின்றுவிடுகிறான். கிளப்பில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா கோதண்டம், பொட்டிக்குள்ள நீதான் பேசிக்கினு கீறே!" என்றான் வேம்புலி. அப்புறம்தான் தெரிந்தது, என் குரலில் பேசுவது நீ என்று. படவா, என் மானத்தை ஊர் முழுக்க ஏலம் போட்டுவிட்டாய். ஆனாலும் முடிகிற வரைக்கும் எழுந்து வர மனம் இல்லை.

அம்மாவின் முதல் தெவசம் 24-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கொள்ளி வைத்தவன் கடைசிப் பிள்ளையான நீ. தாய்க்குத் தெவசமும் அவன் கையால்தான் நடக்க வேண்டும், உனக்குத் தெரியாததா? சனிக்கிழமையே வந்துவிடு. இந்த வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

உன் அண்ணன்
கோதண்டம்


எழும்பூர்
9-8-1941

அன்புள்ள அண்ணாவுக்கு, லோகு நமஸ்காரம்.

நீங்கள் நாடகம் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் நம் வீட்டுக் கதைதான். "அடுத்த வாரம் அண்ணன் எதில் விழுவார்?" என்று குழந்தைகள் கடிதமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள்.

24-ந் தேதிதான் சங்கடம். நாடகம் அன்றன்றைக்கு நேரே பேசுவது. காலையிலேயே ஒத்திகை. அண்ணன் குரல் வேறு யாருக்கும் வராது. ஒரு முறை விட்டால் அந்த வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த ஒரு தடவை நீங்களே செய்துவிடுங்கள். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

லோகு


குமணன்சாவடி
14-8-1941

தம்பி லோகுவுக்கு, ஆசீர்வாதம்.

அம்மா கோபிக்க மாட்டாள். அவள் உன்னை எதற்குத்தான் கோபித்தாள்? விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிக்கு இங்கே இருப்பாய். காரியத்தை முடித்துப் பத்து மணிக்கே உன்னை அனுப்பிவிடுகிறேன். ஒத்திகைக்குச் சற்றுத் தாமதமாகப் போகக் கூடாதா?

நானே செய்யலாம் என்கிறாய். கடைசிப் பிள்ளை உயிரோடு இருக்கும்போது மூத்தவன் எப்படி உட்காருவான்? ஊரில் என்ன சொல்வார்கள் என்பது ஒரு பக்கம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. தெவசம் ஒரு சாக்கு என்றே வைத்துக்கொள். ஞாயிறுதோறும் கிளப்புக்குப் போகிறேன். அங்கே என் குரல்தான் கேட்கிறது. தம்பியாக யாரோ பேசுகிறான்.

அண்ணன்
கோதண்டம்


எழும்பூர்
21-8-1941

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

அவசரமாக எழுதுகிறேன். முடிந்தால் வருகிறேன். காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறு நாடகத்தில் அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு பிசைந்து போடுகிற கட்டம் வைத்திருக்கிறேன். அவசியம் கேளுங்கள். அழுதுவிடுவீர்கள்.

லோகு


குமணன்சாவடி
25-8-1941

லோகநாதன் அவர்களுக்கு,

முடிந்தால் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். குளித்து ஈரத்துணியோடு ரஸ்தாவில் நின்றேன். எட்டு மணி பஸ் வந்தது, அடுத்ததும் வந்தது. இறங்கியவர்களில் எனக்குத் தெரிந்தவர் இல்லை.

நம் பழைய ஐயருக்குக் காய்ச்சல். தனக்குப் பதிலாக அவர் அனுப்பிய ஐயர் ஊருக்குப் புதியவர். வெயில் ஏறிவிட்டது என்று அவருக்குக் கோபம். "அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை யாருப்பா? சீக்கிரம் வந்து உட்காரச் சொல்லு" என்றார். வேம்புலி வாசலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அதற்குள் பிண்டத்துக்கு வடித்த சோறு ஆறிவிட்டது.

"நான்தான் சாமி" என்றேன்.

"உனக்குப் பின்னாடி யாரும் இல்லையே?"

"யாரும் இல்லீங்க."

வேம்புலி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். நான் தர்ப்பையை வாங்கி விரலில் போட்டுக்கொண்டேன். அம்மா பேரைச் சொல்லி, அவளுக்கு நான் கடைசிப் பிள்ளை என்று சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விட்டேன். காரியம் குறைவில்லாமல் நடந்தது. சாயங்காலம் கிளப்புக்குப் போகவில்லை.

அம்மாவிடம் சொன்னதை இனி என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. வருகிற வருஷமும் நானே செய்துகொள்வேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

கோதண்டம்