மூன்று புட்டிகளும் ஒரு கப்பல் கொலையும்

நவம்பர் 21, செவ்வாய்

நான் ஓய்வு பெற்ற விஷயம் ஆடுகளுக்கு இன்னும் தெரியாது. காலையிலேயே மேல்பண்ணைக்காரர் ஒரு செம்மறியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். குளம்பில் சீழ். கீறிக் கழுவிக் கட்டுப்போட்டு அனுப்பினேன். கை நடுங்கவில்லை. அதில் ஒரு திருப்தி.

பிறகு வெரிட்டி போன் செய்தாள். "கிறிஸ்துமஸுக்கு இந்த வருஷமும் உன் வீட்டுலதானே, ஹெஸ்டர்?"

"வேற எங்க?"

எங்கள் ஏற்பாடு பழையது. வாத்து, ஒயின், நாவல் மூன்றும் என் பொறுப்பு. புட்டிங் என்கிற பண்டிகைப் பழ இனிப்பும் வாசிக்கிற குரலும் அவளுடையவை. உள்ளூர் வானொலியில் காலமெல்லாம் செய்தி வாசித்தவள்; அவள் வாசித்தால் உரமூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூட உட்கார்ந்து கேட்கலாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாவலைத் தொடங்குவாள். புது வருஷத்துக்குள் முடித்துவிடுவோம்.

"இந்தத் தடவை பிரெஞ்சுச் சரக்கு கிடையாது. மூணு புட்டியும் இங்கிலீஷ் ஒயின்," என்றேன்.

அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

"எந்த இங்கிலீஷ் ஒயின்?"

"நல்ல இங்கிலீஷ் ஒயின்."

"கெட்டிக்காரிதான் நீ," என்று வைத்துவிட்டாள்.

அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லாமல் விட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

நவம்பர் 23, வியாழன்

ரோலண்டின் கொட்டகையில் ஒயின் ருசி பார்க்கப் போனேன்.

ரோலண்ட் வெரிட்டியின் தம்பி. அப்பா பண்ணையை அவன் பேருக்கு எழுதிவைத்தார். சுண்ணாம்புக் குன்றின் சரிவில் அவர்கள் அம்மா நட்ட ஆப்பிள் தோப்பு இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அதை வேரோடு பிடுங்கித் திராட்சை போட்டான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை முடிந்து காரில் வந்தவள் மரங்கள் எரிகிற புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. தபாலாபீசுக்குள் ஒருவர் இருந்தால் மற்றவர் வெளியே நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பார். போன குளிர்காலத்தில் ரோலண்டின் மனைவி இறந்தபோது வெரிட்டி வந்தாள். சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றாள். பாட்டு முடிவதற்குள் போய்விட்டாள்.

கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "டாக்டரம்மா, பசுமாட்டுக்குக் கண்ணு பாக்கற மாதிரியே பாக்கறீங்களே," என்று சிரித்தான்.

அவனுடைய நுரை ஒயின் பிரமாதம். பொடி நுரை, நாக்கில் சுருக்கென்று ஒரு புளிப்பு, விழுங்கியதும் வாய் கழுவிவிட்டதுபோல் சுத்தமாகிறது. உடனே இரண்டாவது வாய் கேட்கிறது. இதுதான் முதல் புட்டி. முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து அவனுடைய சிவப்பு.

"இது வேண்டாம்," என்றேன்.

"ஏன்?"

"கன்னுக்குட்டிக்குக் குடுக்கற இருமல் மருந்து இதவிடத் தேவலை."

மறுபடியும் சிரித்தான். இந்தத் தடவை சிரமப்பட்டு. நான் என்ன செய்ய? என் மேசைக்கு வருவது நன்றாக இருக்க வேண்டும். நண்பன் செய்தது என்பதால் நாக்கு ஏமாறாது.

புட்டியைக் காகிதத்தில் சுற்றியபடியே சொன்னான்: "பிடிச்சிருந்தா நெறைய எடுத்து வச்சுக்கோங்க. அடுத்த வருஷம் இருக்காது."

நிலத்தை விற்கப்போகிறானாம். லண்டன் கம்பெனி ஒன்று கேட்கிறது. வசந்தத்தில் கையெழுத்து. அப்புறம் நியூஸிலாந்தில் மகளோடு போய் இருந்துவிடுவானாம்.

"வெரிட்டிக்குத் தெரியுமா?"

"ஒரு குட்மார்னிங் சொல்லி ஆறு வருஷமாச்சு. இத மட்டும் போய்ச் சொல்லணுமா?"

"சொல்லணும்."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் மாட்டு டாக்டர், ரோலண்ட். தபால்காரி இல்ல. கிறிஸ்துமஸ் மத்தியானம் சாப்பிட வா. அவளும் வருவா. நீயே சொல்லு."

அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வருவான்.

நவம்பர் 24, வெள்ளி

ரோலண்டையும் கூப்பிட்டிருப்பதாக வெரிட்டியிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 26, ஞாயிறு

நேரிலேயே வந்துவிட்டாள். கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவில்லை.

"எங்களுக்கு நடுவுல நீ யாருடி?"

"வாத்து சமைக்கிறவ."

"விளையாடாத. அவன் இருக்கற மேசைல நான் உக்கார மாட்டேன்."

"சரி, உக்காராத. புட்டிங் மட்டும் குடுத்தனுப்பு."

"அவன் ஒயினும் இருக்கு, இல்ல? சொல்லு."

"இருக்கு. ஒண்ணு. பேரு தெரியற மாதிரிதான் மேசைல வைப்பேன். நல்லா இருக்கறதால வாங்கினேன், அவனுக்காக இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நான் செய்தது சரிதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் — நிஜமாவே வராம இருந்துடுவாளோ? முப்பது வருஷத்துல ஒரு கிறிஸ்துமஸ்கூட அவ இல்லாம போனதில்ல. சே, வருவா. வராம எங்க போவா?

நிலம் விற்கிற விஷயத்தை நான் சொல்லவில்லை. அது அவன் வாயால் வர வேண்டியது.

டிசம்பர் 2, சனி

இரண்டாவது புட்டி கிடைத்துவிட்டது. கென்ட் பக்கத்து வெள்ளை, பாக்கஸ் என்ற திராட்சை. மூடியைத் திறந்ததும் ஜூன் மாத வேலியோரத்து வாசனை: வெட்டின புல், எல்டர் பூ. புகையில் வாட்டிய ட்ரவுட் மீனுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது.

மூன்றாவதுக்குத்தான் அலைச்சல். இங்கிலாந்தின் சிவப்புகள் பாதிக்கு மேல் தண்ணீரில் சாயம் கரைத்ததுபோல் இருக்கின்றன. டவுன் ஒயின் கடைக்காரர் "வாத்துக்கு இதும்மா" என்று பிரெஞ்சுக்காரர்களின் பர்கண்டியைத் தூக்கி நீட்டினார். எஸெக்ஸ் பக்கத்துச் சிவப்பு ஒன்றைத் திறக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே திறந்தார். செர்ரிப்பழம், பின்னால் மெல்லிய ஈரமண். வாத்துக் கொழுப்பை அறுக்கிற அளவுக்கு நறுக்கென்று இருந்தது. அவரும் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார். பர்கண்டியை அலமாரியில் திருப்பி வைத்தார்.

டிசம்பர் 9, சனி

நாவல். புத்தகக்கடை கிரிஸ்பினிடம் போனேன். மூன்று பேருக்கு, சத்தமாக வாசிக்க, ஒரு வாரம் தாங்க வேண்டும் என்றேன். யார் மூன்று பேர் என்று கேட்டான். சொன்னதும் கண் விரிந்தது. ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

ஒரு புத்தகத்தை எடுத்து வந்தான். அண்ணனும் தங்கையும் பிரிந்து, வயதான காலத்தில் ஒரு மலைவீட்டில் சேர்கிறார்களாம். "அழுதுடுவாங்க, பாருங்க," என்றான்.

"அதனாலதான் வேண்டாம். மாத்திரைய ரொட்டிக்குள்ள ஒளிச்சுக் குடுக்கறது நாய்க்கு. நாயே பாதி நேரம் ரொட்டியத் தின்னுட்டு மாத்திரையத் துப்பிடும்."

"அப்ப வேற என்னதான் வேணும்?"

"ஒரு கொலை. நல்ல சாப்பாடு. மோசமான வானிலை."

அதற்குப் பிறகு தயங்கவே இல்லை அவன். தடித்த புத்தகம்; புயலில் மாட்டிக்கொண்ட தபால் கப்பல்; முதல் அத்தியாயத்திலேயே கணக்கர் ஒயின் அறையில் செத்துக் கிடக்கிறார். கடையில் நின்றபடியே பதினைந்து பக்கம் படித்துவிட்டேன். கால் வலித்த பிறகுதான் நிற்கிறேன் என்பதே ஞாபகம் வந்தது. வாங்கிவிட்டேன்.

டிசம்பர் 15, வெள்ளி

மீனுக்குச் சொல்லியாயிற்று. வெரிட்டியிடமிருந்து பேச்சுமூச்சில்லை.

டிசம்பர் 20, புதன்

வெரிட்டியிடமிருந்து செய்தி: "புட்டிங் பெரிசாக வந்துவிட்டது. வீணாகக் கூடாது. ஒரு மணிக்கு வருகிறேன்."

வீணாகக் கூடாதாம்!

டிசம்பர் 25, திங்கள்

முதலில் வந்தது அவள்தான். புட்டிங்கைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு வந்தாள். அடுத்து ரோலண்ட். கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டும் வெட்டிக்கொண்ட முகமுமாக நின்றான். சவரக்கத்தி வேலையைக் காட்டியிருந்தது. இருவரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். "குளிர் ஜாஸ்தி, டாக்டரம்மா." "ரோடெல்லாம் வழுக்குது, ஹெஸ்டர்." நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினேன். ஆளுக்கொரு முனை பிடித்துப் பட்டாசுக் குழல்களை இழுத்து வெடித்தோம். வழக்கப்படி உள்ளேயிருந்து விழுந்த காகிதக் கிரீடங்களைத் தலையில் வைத்துக்கொண்டோம். அவளுக்கு ஊதா, அவனுக்கு மஞ்சள்.

நுரை ஒயினை ஊற்றினேன். வெரிட்டி புட்டியைத் திருப்பித் தங்கள் பண்ணையின் பேரைப் படித்தாள். குடித்தாள். கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"ஆப்பிள் வாசனை வருது," என்றாள். யாரிடம் என்றில்லாமல். "அந்த மண்ணுலேர்ந்து வருதா?"

ஆறு வருஷத்தில் அவனைக் கேட்ட முதல் கேள்வி. அவன் பதிலில் அவளுடைய பழைய செல்லப்பேரும் சேர்ந்து வந்தது.

"இல்ல, விட்டி. அது புளிப்போட குணம். நுரை ஒயின் எல்லாத்துலயும் அப்படித்தான் வரும்."

"ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கண்டுபிடிச்சிருப்பியே."

அவள் கோப்பையை அவன் பக்கம் நீட்டினாள். அவன் ஊற்றினான். மீன் முடிந்தது, பாக்கஸ் முடிந்தது, வாத்தும் பாதி முடிந்தது. அப்போதுதான் அவன் முள்கரண்டியைக் கீழே வைத்து நிலத்தை விற்கப்போவதாகச் சொன்னான்.

வெரிட்டி எழுந்துவிட்டாள். தலையில் ஊதாக் கிரீடத்தோடு.

"அன்னிக்கு மரம். இன்னிக்கு மண்ணா? எனக்கு எல்லாமே கடைசியிலதான் தெரியணுமா?"

"இப்பத்தான் சொல்றேனே! கையெழுத்துகூட இன்னும் போடல."

"ஏன் இப்ப சொல்ற?"

"டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க."

வாத்துக்காலால் அவனை ஒன்று வைத்திருப்பேன்.

"அந்த மரத்தயெல்லாம் ஏன்டா எங்கிட்ட சொல்லாம வெட்டின?" குரல் உடைந்தது. செய்தி வாசிக்கிற குரல் அல்ல; இப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"பாதி மரம் உள்ள அழுகிப்போச்சு. பழத்த வாங்க ஆளில்ல. சொன்னா நீ வெட்டாதன்னு சொல்லுவ. நீ சொல்லிட்டா என்னால முடியாது. எப்பவுமே முடிஞ்சதில்ல. அதான் சொல்லல."

"முட்டாளே. ஒரு குச்சி ஒடிச்சு வந்திருப்பேனே. ஒட்டுப்போட ஒரே ஒரு குச்சி. அம்மா மரம் இந்நேரம் என் வீட்டுல காய்ச்சிருக்கும்."

"எனக்கு... தோணல."

அவள் கோட்டை எடுக்கப் போனாள். "நீ இரு, நான் போறேன்," என்று அவனே எழுந்து வெளியே போய்விட்டான். மேசையில் மூன்று தட்டு, இரண்டு பேர். தப்பு பண்ணிட்டேனா? — ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது. அப்புறம் எஸெக்ஸ் சிவப்பை அவள் கோப்பையில் ஊற்றினேன். "வாசி," என்றேன்.

"இப்பவா?"

"வேற என்ன செய்யறதா இருக்க?"

வாசித்தாள். இரண்டு பக்கம் போனதும் குரல் அதன் இடத்துக்கு வந்தது. புயல் வந்தது, கப்பல் சாய்ந்தது, கணக்கரின் பிணம் புட்டிகளுக்கு நடுவில் கிடந்தது. அத்தியாயம் முடிகிற இடத்தில் சமையலறைக் கதவுப் பக்கம் ஒரு குரல்:

"அந்த ஆளு மேலேர்ந்து விழுந்தான்னா ஒரு புட்டியாவது ஒடைஞ்சிருக்கணுமே?"

ரோலண்ட். கையுறையை மறந்துவிட்டு எடுக்க வந்தானாம். மஞ்சள் கிரீடம் இன்னும் தலையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றானோ!

வெரிட்டி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "குறுக்க பேசாத. உக்காரு."

உட்கார்ந்தான். நான் வழக்கப்படி புட்டிங்கின் மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்தினேன்.

டிசம்பர் 26, செவ்வாய்

இருவரும் வந்தார்கள். தனித்தனிக் காரில். சமையல்காரன்தான் கொலைகாரன் என்கிறான் ரோலண்ட். கேப்டனின் மனைவி என்கிறாள் வெரிட்டி. குளிர்ந்த வாத்து, மிச்ச சிவப்பு.

டிசம்பர் 30, சனி

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சண்டை. இந்த வேகத்தில் ஈஸ்டருக்குத்தான் கப்பல் கரை சேரும். நடுவில் வெரிட்டி, ஏதோ வானிலை கேட்பதுபோலக் கேட்டாள்: "திராட்சைக் கொடி கழிக்கறது எப்போ?"

"ஜனவரில. ஆள் கிடைக்கல."

"கத்தரி பிடிக்க எனக்குத் தெரியும்."

அவள் அடுத்த பத்தியை வாசித்தாள்.

ஜனவரி 3, புதன்

வெரிட்டி புத்தகத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். விட்ட இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். என்னைக் கேட்கவில்லை.

ஜனவரி 11, வியாழன்

இரண்டு நாளாக வெரிட்டி போனை எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. அங்கிருந்து குன்றுக்கு.

உறைபனி வெளுத்துக் கிடந்தது. கொடி வரிசையின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவள், கையில் கத்தரியோடு. நடுவில் இருந்த தூரம் முழுக்கக் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு மொட்டு விட்டு வெட்டு, விட்டி!" "எத்தன தடவ சொல்லுவ? எனக்குக் கண்ணிருக்கு!"

கம்பெனிக்காரர் நேற்று வந்தாராம்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"நான்தான் பேசினேன்," என்றாள் வெரிட்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ரேடியோக் குரல்ல. பாவம், தேநீர்கூடக் குடிக்காம போயிட்டாரு."

ரோலண்ட் தரையைப் பார்த்துச் சிரித்தான். மகளை ஆகஸ்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவானாம். அறுவடைக்குள் திரும்பிவிடுவானாம்.

எல்லாம் நல்லதுதான். என் புத்தகம் எங்கே என்று கேட்டேன்.

"சமையலறைல இருக்கு, டாக்டரம்மா. இப்ப தர முடியாது," என்றான் ரோலண்ட். "நாங்க இன்னும் முடிக்கல."

வரும் வழியில் கிரிஸ்பின் கடையில் இறங்கி எனக்கென்று இன்னொரு பிரதி வாங்கிக்கொண்டேன்.