எறும்பு இழுத்த குடைராட்டினம்

மார்ச் 3, செவ்வாய்

லாரிக்காரர் கைவிரித்துவிட்டார். கியர்பாக்ஸ் போய்விட்டதாம், மாதக் கடைசிவரை வண்டி நகராதாம். அடுத்த வாரச் சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் புதுப் பூங்காத் திறப்பு. எங்கள் குடைராட்டினத்துக்கு வந்த முதல் அழைப்பு. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்து, சுற்ற வைத்தவர் அண்ணி. என் கணவரின் அக்கா. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை. பன்னிரண்டு மரக்குதிரைகளுக்கும் வண்ணம் அடித்தது நான். எல்லாவற்றையும் கழற்றி அடுக்க டிரெய்லர் இருக்கிறது. இழுக்கத்தான் வண்டி இல்லை.

இல்லையா? வாசலில் ஒன்று நிற்கிறதே.

மார்ச் 4, புதன்

என் கணவரிடம் கேட்டேவிட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய நாற்றுப் பண்ணைக்குச் செடி ஏற்ற வாங்கிய பிக்கப் அது. மெக்கானிக் அதற்கு வைத்த பெயரே எறும்பு.

"பூந்தொட்டி ஏத்துனாலே மூச்சு வாங்குது. அது மலை ஏறாது," என்றார்.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் எப்போதும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் சாவியை இன்று கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அப்படியென்றால்? அப்படித்தான்!

மார்ச் 8, ஞாயிறு

ராட்டினத்தைப் போட்டுவைத்திருக்கும் கிடங்குக்குப் பின்னால், காலி மைதானத்தில் பயிற்சி. பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகிறது. இது மூளைக்குப் புரிந்துவிட்டது, கைக்குப் புரியவில்லை. ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்தேன். அண்ணி அதை நிமிர்த்திவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இன்னொரு தடவை என்று சைகை காட்டினார்.

பிறகு சாலையில். கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. அது ஆட, எறும்பும் சேர்ந்து ஆட, ஓரமாக நிறுத்திவிட்டேன். இரும்புத் தூண்களையெல்லாம் கடைசியில் அடுக்கியிருந்தோம். கனம் சக்கரத்துக்கு முன்னால், கொக்கியின் பக்கம் இருக்க வேண்டுமாம். மாற்றி அடுக்கினோம். சமர்த்தாக வந்தது.

இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மார்ச் 11, புதன்

காப்பீட்டு அலுவலகத்தில் பாலிசிதாரர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'குதிரை' என்று எழுதிவிட்டேன். நல்லவேளை, நானே பார்த்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

தூக்கம் கண்ணைச் சொக்குகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் கிளம்பும்போது அவர் வழியனுப்ப வரவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், ஏற்கெனவே நனைந்து நின்ற செடிகளுக்கு.

சமவெளியில் கவலையில்லை. எல்லா வண்டிகளும் எங்களைத் தாண்டிப் போயின, போகட்டும். மலை தொடங்கியதும் மூன்றாவது கியர், இரண்டாவது, முதல். அதற்குக் கீழே கியர் ஏது? சூடு காட்டும் முள் மேலே ஏறியது. அண்ணி ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டார். எஞ்சினின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். எஞ்சின் வேகவில்லை, நாங்கள் வெந்தோம்.

உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே எறும்பு நின்றேவிட்டது. கிளட்ச் கருகிய வாடை. பிரேக்கை மிதித்தபடி இருக்கிறேன், டிரெய்லர் எங்களைப் பின்னால் இழுப்பது முதுகில் தெரிகிறது. ஐயோ, காலை எடுத்தா போச்சு, எல்லாம் போச்சு — இது ஒன்றுதான் மனசில்.

அண்ணி குதித்து இறங்கிக் கல் தேடினார். கல் இல்லை. இருக்கைக்குப் பின்னால் கையை விட்டவர், ஒரு சாக்குப்பையை இழுத்தார். உள்ளே சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் ஆப்புக்கட்டைகள். பண்ணைப் பந்தல் கம்பத்திலிருந்து அறுத்தவை. இழுக்க வசதியாக ஒவ்வொன்றிலும் கயிறு.

"இத எப்படா செஞ்ச நீ?" என்றார் அண்ணி, தம்பி பக்கத்தில் நிற்கிற மாதிரி.

கட்டைகளை வைத்த பிறகுதான் காலை எடுத்தேன். அதற்குள் பின்னால் ஒரு பேருந்து, ஓயாத ஹாரன். ஓட்டுநர் இறங்கி வந்தார். தீப்பெட்டியைக் கட்டி ஊரையே இழுக்கப் பார்க்கிறீர்களா என்று பிடிபிடியென்று பிடித்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்கு.

பயணிகளும் இறங்கிவிட்டார்கள். அவர்களில் சீருடை போட்ட ஒரு நர்ஸ் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். எவ்வளவு கனம் குறைந்தால் ஏறும் என்று அண்ணியிடம் கேட்டார். குதிரையும் பலகையும் இறங்கினால் போதும் என்றார் அண்ணி.

"அப்ப ஒண்ண எங்கிட்ட குடுங்க. மடியில வெச்சுக்கறேன்."

அவ்வளவுதான். எனக்கொன்று, உனக்கொன்று என்று ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டார்கள். பலகைகள் பேருந்தின் நடைபாதையில் நீட்டிப் படுத்துக்கொண்டன. குதிரைக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா என்று கண்டக்டர் கேட்க, முதலில் சிரித்தவர் அந்த ஓட்டுநர்தான்.

ஹேண்ட் பிரேக். முதல் கியர். கிளட்சை மெல்ல, மெல்ல விட்டேன். எறும்பு முனகியது, உதறியது — நகர்ந்தது! அண்ணி கட்டையும் கையுமாக டிரெய்லர் ஓரமாகவே நடந்து வந்தார். நான் வாய்விட்டுக் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. உச்சியில் ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தால் பேருந்து ஏறி வருகிறது, ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு குதிரை முகம்.

அவசர அவசரமாக எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம். இறக்கம் வேறு மாதிரி பயம். பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளுகிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கருகிவிடும், கியரிலேயே இறங்கு என்று அண்ணி சொல்லச் சொல்ல, அப்படியே இறங்கினேன்.

வெயில் சாய்வதற்குள் பூங்கா. ராட்டினத்தில் குதிரைகளைப் பூட்டும்போது பார்த்தால் பதினொன்றுதான். ஒன்று பேருந்தோடு போய்விட்டது.

மார்ச் 14, சனி

குதிரை இல்லாத இடத்தில் அண்ணி ஒரு பலகையைப் பூட்டி ஊஞ்சலாக்கிவிட்டார். திறப்புக்குச் சற்று முன்னால் பூங்கா வாசலில் அந்தப் பேருந்து வந்து நின்றது. பச்சைக் குதிரையைத் தோளில் சுமந்தபடி கண்டக்டர் இறங்கினார். அதன் காதில் ஒரு டிக்கெட் செருகியிருந்தது. அரை டிக்கெட்தான்.

ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றுவதைப் பார்த்த பிறகே பேருந்தை எடுத்தார் ஓட்டுநர். பயணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை.

நாள் முழுக்கக் கூட்டம். குதிரை வந்தும் ஊஞ்சலைக் கழற்றவில்லை, அதற்குத்தான் ஏகப்பட்ட சண்டை. தொண்டை கட்டிவிட்டது, கால் வீங்கிவிட்டது, இன்னும் வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

முதல் பேருந்தில் அவர் வந்து இறங்கினார். நேராக எறும்பிடம் போய் பானட்டைத் திறந்தார், டயரைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில்தான் என்னிடம் வந்தார்.

"கிளட்ச் தேஞ்சிருக்கும்."

"ஆமா."

"பயந்தியா?"

"ரொம்ப. கட்டை இல்லன்னா அவ்வளவுதாங்க."

தலையாட்டினார். "போன்னு சொல்லவும் வாய் வரல, போகாதேன்னு சொல்லவும் வாய் வரல," என்றார். அண்ணி அவரைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு குதிரையில் உட்காரவைத்தார். முதல் சுற்றில் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். மூன்றாவது சுற்று முடிந்தும் இறங்கவில்லை.

திரும்பும்போது சுமையை இரண்டு நடையாகப் பிரித்துக்கொண்டோம். ஓட்டியது அவர்.

மார்ச் 22, ஞாயிறு

புது கிளட்ச். இன்னும் இரண்டு ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இரண்டுமே மேட்டு ஊர். அண்ணி கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

மார்ச் 30, திங்கள்

காலையில் மேலாளர் அறைக்குப் போய், வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருபது வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்துவிட்டு ராட்டினம் சுற்றப் போகிறீர்களா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆமாம் என்றேன்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, எங்கள் தெருவை நான் பார்த்ததே இல்லை. மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவசரம் எதுவும் இல்லை. ஒரு தெரு சுற்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.