விதைக்கு வைத்த மல்லாட்டை

அக்கா,

இன்று மத்தியானம் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு போராட்டப் பந்தலில், என் கையில் ஒரு பிடி வறுத்த மல்லாட்டையைக் கொட்டினார்கள். நிலக்கடலை வாசனை மூக்கில் ஏறியதும் நம் ஊர் வேங்கிக்கால் ஞாபகம் வந்துவிட்டது. உங்களை நினைக்காமல் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன் என்று அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நம் ஏரிக்குக் கீழே பச்சையாகக் கிடந்த நிலத்தையெல்லாம் மனை போடும் கம்பெனி வளைத்தபோது, நீங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தையும் அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். உங்களிடம் பத்திரம் இல்லை. மண்ணில் பயிர் நின்றால்தான் குத்தகை உரிமை என்று நீங்கள் பேச முடியும். ஊரே கலெக்டர் ஆபீஸ் எதிரில் பந்தல் போட்டு உட்கார்ந்தது. உர மூட்டை விற்கிற என் கைக்கு மைக் வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடி மழை நன்றாகப் பெய்த மறுநாள் நீங்கள் எழுந்தீர்கள். "ஈரம் காயறதுக்குள்ள வெதச்சுட்டு வந்துடறேன் தம்பி. வெதைப் பருப்பு ஒடச்சு ரெடியா வச்சிருக்கேன். ரெண்டே நாளு."

நான் மைக்கிலேயே பதில் சொன்னேன். "ஊரே தெருவுல உக்காந்திருக்கு, அக்காவுக்கு மல்லாட்டைதான் பெருசா போச்சு!"

பந்தல் சிரித்தது, கைதட்டியது. நீங்களும் சிரிக்கப் பார்த்தீர்கள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு யாருமே விதைக்கப் போகவில்லை. ஊர் ஒற்றுமை என்று நான் பூரித்துப்போனேன்.

பருவம் தப்பியதும் அந்த விதைப் பருப்பை வறுத்துப் பந்தலுக்கே கொண்டுவந்தீர்கள். முதலில் என் கையில்தான் கொட்டினீர்கள். "வெதைக்கு வச்சது. இனிமே எதுக்கு? துன்னுங்க." நான் தின்றேன். உப்பு கம்மி என்று குறை வேறு சொன்னேன்.

அதிகாரிகள் நிலத்தைப் பார்க்க வந்தபோது முழங்கால் உயரத்துக்குப் புல். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வந்த உத்தரவை, குரல் நன்றாக இருக்கிறதென்று என்னையே வாசிக்கச் சொன்னார்கள். சாகுபடி இல்லாத தரிசு, மனை போடத் தடையில்லை.

"தரிசுன்னு நம்ம நெலத்தையா தம்பி சொல்றாங்க?" என்று கேட்டீர்கள். அதன்பிறகு நீங்கள் என்னிடம் பேசவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. டவுனில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலைக்குப் போய், அங்கேயே படிக்கட்டில் விழுந்து போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் சாவுக்கு நான் மாலை வாங்கி வந்தேன். இருந்ததிலேயே பெரிய மாலை.

இன்று அந்தப் பந்தலிலும் மனை போடும் கம்பெனியை எதிர்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். "மொதல்ல போய் வெதச்சுட்டு வாங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றேன். முன்வரிசையில் ஒரு அம்மா கிளம்பச் சட்டென்று எழுந்தார். பக்கத்தில் நின்றவன் என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டான். "அண்ணன் கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டாருபோல!"

பந்தல் சிரித்தது, கைதட்டியது. அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கையிலிருந்த மல்லாட்டையைத் தின்னவும் முடியவில்லை, கொட்டவும் மனமில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறது. வறுத்தது அக்கா, விதைக்க முடியாது.