மேசைக்குக் கீழே ஒரு பொத்தான்

08.06.2004, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. புதுக்குடியிருப்புச் சந்தை வீதி முழுக்கப் புழுதி. எங்கள் ரைப்பிங் கடையைத் திறந்தபோது கீபோட்டில் எழுத்தே தெரியவில்லை.

சந்தை ஜெனறேற்றர் (இனி ஜெ.) ஒன்பதரைக்கு வந்தது. இன்று குனிந்து கொம்பியூட்டரைப் போட்டுத் தந்தவர் மீன் வியாபாரி ஒருவர். நேற்று ரியூசன் வாத்தியார். சனிக்கிழமை, போட்டோக்கொப்பி எடுக்க வந்தவரின் மாமியார். பாவம், மனுசி குனிந்துவிட்டு எழும்பப் பட்ட பாடு.

தச்சர் செய்த மேசை. கொம்பியூட்டர்ப் பெட்டியும் அதன் பொத்தானும் கீழ்த்தட்டில், சுவரோடு ஒட்டி. மேலே திரையும் பிரின்ரரும் வைத்தால் தேத்தண்ணிக் கோப்பைக்கும் இடமில்லை. முதலாளி றஸாக் நானா சரக்கு வேலை முடித்து வரப் பத்தரையாகும். அதுவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், குனியக்கூடிய ஆள் யாரும் வருகிறதா என்று. எனக்கு இடது பக்கம் தொடைக்குக் கீழே பொய்க்கால். மடங்காது. நிலத்தில் இருந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். செல்குண்டு விழுந்த கதையை இங்கே எழுதப்போவதில்லை. சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது.

"நீங்க இருங்கோ அக்கா, நான் குனியிறன்." எல்லோரும் நல்லவர்கள். அதுதான் எரிச்சல். கண்ணை மூடிக்கொண்டு தமிழ் ரைப் அடிப்பவள் நான்.

பின்னேரம் நானா சொன்னார், "புத்தளத்தில மகளுக்கு இது பிள்ளைப்பேறு மாசம். இருபதாம் திகதியளவில போனா வர ரெண்டு கிழமையாகும். கடையைப் பூட்டிற்றுத்தான் போகோணும் தங்கச்சி."

"நான் இருக்கிறன்தானே நானா. இது சோதினைப் பேப்பர் அடிக்கிற நேரம்."

"மெசினைப் போடவே நீங்க ஆள் பாத்துக்கொண்டிருக்கிறீங்க. உங்களிட்ட எப்பிடி விட்டுட்டுப் போறது?"

அன்பாகத்தான் சொன்னார்.

09.06, புதன்

காற்று. தலை முழுக்க மண்.

பஸ்ஸில் வரும்போதே யோசனை. ஊன்றுதடியின் நுனி பொத்தானுக்கு எட்டும்! ஏன் இவ்வளவு நாளும் தோன்றவில்லை? ஜெ. வந்ததும் மெதுவாகக் குத்தினேன். வழுக்கியது. கொஞ்சம் பலமாகக் குத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். பொத்தான் உள்ளே போனது, போனதுதான்.

நானா வந்ததும் முந்திக்கொண்டு சொன்னேன், "உடைச்சது நான்."

குனிந்து பார்த்தார். "சரி, இனி ஆருமே போடேலாது" என்று சிரித்தார். ஏசியிருக்கலாம்.

வாங்க: சவர்க்காரம், ஊன்றுதடி அடிக்கு றப்பர், அம்மாவுக்கு வெற்றிலை.

10.06, வியாழன்

இன்று நிறைய எழுதப்போகிறேன். சந்தோசத்தில்தான்.

பக்கத்துக் கடையில் றேடியோ திருத்தும் தவராசாவை நானா கூட்டிவந்தார். பெட்டியை வெளியே இழுத்து ஸ்ரூலில் வைத்து மூடியைக் கழற்றினார் அவர். பொத்தானின் வயர் வந்து சேரும் இடத்தில் இரண்டு சின்னக் கம்பி. அவற்றை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒன்றாகத் தொட்டார். மெசினின் காற்றாடி சுற்றியது.

நான் அந்த நேரம் பார்த்துக் கீபோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி எந்த எழுத்தையோ அமத்திவிட்டது. வழக்கமான படம் வரவில்லை. திரை முழுக்க நீலம், மெசினின் அமைப்புகளை மாற்றும் ஆங்கிலப் பட்டியல்.

"என்ன செய்தனீங்கள்?" என்றார் தவராசா.

"புழுதி துடைச்சனான்."

"தொடாதேங்கோ, பழுதாப்போம்."

உடைத்தவளுக்கு இனி என்ன பயம்? ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் சாதாரண சித்திதான். என்றாலும் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கரண்ட் சம்பந்தமான பக்கத்தில் இரண்டு வரி. மவுஸால் மெசினைப் போடலாம். கீபோட்டாலும் போடலாம். இரண்டுக்கும் நேரே 'இல்லை' என்று இருந்தது. மவுஸ் வேண்டாம், அதன் வயர் ஆட்டம். கீபோட் வரியில் 'எந்த எழுத்தும்' என்று மாற்றினேன். சேமித்தேன். மெசினை நூர்த்தோம், காற்றாடி நின்றது.

விரலை வைத்தேன். காற்றாடி!

கதிரையில் இருந்தபடியே. குனியாமல், ஒருவரையும் கேட்காமல்.

தவராசா வாயைப் பிளந்தார். "இன்னொருக்காப் போடுங்கோ பாப்பம்." போட்டேன். நூர்த்தேன். போட்டேன். நானா சாமான் எடுக்கப் போய்விட்டார், பார்க்கவில்லை. நாளைக்குக் காட்டுவேன்.

11.06, வெள்ளி

காட்டினேன், நன்றாக. ஜெ. வந்தது. நானாவைப் பக்கத்தில் நிற்கவைத்து விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. கீபோட்டில் உள்ள அத்தனையையும் அமத்தினேன். ஒன்றுமில்லை. நானா தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்மாத் தொழுகைக்குப் போனார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தவராசா திரும்பவும் ஸ்க்ரூ டிரைவரோடு. மெசின் வந்ததும் மூலையில் திகதி வழமைபோல் பிழை, 2000ஆம் ஆண்டு தை மாதம். கை தன்பாட்டில் திருத்தப் போனது. தினமும் காலையில் திருத்துகிறேன். கொழும்பில் வாங்கிய பழைய மெசின், அதன் குணம் அப்படி என்று விட்டுவிட்டேன். இன்றுதான் யோசித்தேன். இரவு கரண்ட் நின்றதும் திகதியை மறக்கிறது. அப்படியென்றால் நான் மாற்றி வைத்ததையும் மறந்திருக்கும்.

"அண்ணை, இதுக்குள்ள பற்றறி ஏதும் இருக்கோ?"

இருந்தது. காசு மாதிரித் தட்டையாக ஒன்று. தவராசா மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு, "இது எப்பவோ செத்துப்போச்சு" என்றார். நகைக்கடைத் தராசுக்குப் போடுவதும் இதே பற்றறிதானாம். வவுனியாவிலிருந்து சாமான் வரும்போது ஒன்று எடுப்பித்துத் தருகிறாராம்.

வீட்டில் அம்மா, "உந்த மெசின் கதையை விட்டிட்டுச் சாப்பிடு பிள்ளை."

அம்மாவுக்குச் சொல்லி விளங்காது. எனக்கு இந்தக் கடை வேண்டும். திறந்து, நடத்தி, பூட்டி வர வேண்டும். பாவம் பார்த்து வைத்திருக்கும் ஆளாக இருக்க மாட்டேன்.

14.06, திங்கள்

பற்றறி வந்தது. போட்டாயிற்று. நீலத்திரைக்குள் போய்த் திரும்பவும் மாற்றினேன். இந்த முறை யாருக்கும் மூச்சு விடவில்லை. பெட்டி பழையபடி கீழ்த்தட்டில்.

பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் வைக்கலாமா என்று யோசித்தேன். பற்றறிக்கு நேர்த்தி வைத்த முதல் ஆள் என்று பிள்ளையார் சிரிப்பார்.

15.06, செவ்வாய்

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

என் பஸ் பிந்தி வந்தது. நானா முந்தி வந்து கடையைத் திறந்து, ஜெ. வந்த பிறகு தூசி தட்டிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் கால் வைக்கிறேன், உள்ளே அலறல்.

"யா அல்லாஹ்! ஆர் போட்டது?"

கையில் துணியோடு சுவரோடு சாய்ந்து நிற்கிறார். திரையில் படம் வந்துகொண்டிருக்கிறது. திகதி சரி. செவ்வாய்!

"நீங்கதான் போட்டீங்க நானா."

"நானெங்க போட்டன்? கீபோட்டைத்தானே துடைச்சன்!"

விளக்கிச் சொன்னேன். கதிரையில் இருந்து முழுக்கக் கேட்டார். பிறகு நூர்க்கச் சொல்லித் தானே போட்டுப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி, ஒற்றை விரலால்.

இப்படித் துணி பட்டாலும் வந்தால் சரிவராது. இரண்டு எழுத்தைச் சேர்த்து அமத்தினால்தான் வரும் என்று மாற்றினேன்.

"எந்த ரெண்டு தங்கச்சி?"

"நீங்க புத்தளம் போற ஆள். உங்களுக்கு என்னத்துக்கு?"

உரக்கச் சிரித்தார். போய் வருவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதில்லை என்று இருக்கிறேன்.

19.06, சனி

காலை ஏழு மணி. வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிள் சத்தம். நானா, பின்னால் பயணப் பையோடு.

"ஓமந்தைச் செக்பொயின்ற் தாண்டிப் போகோணும், நேரமில்லை. இந்தாங்க." கடைப் பூட்டின் திறப்பும் அலுமாரித் திறப்பும் என் கையில் விழுந்தன. "பேப்பர் கட்டு ரெண்டு எடுத்து வச்சிருக்கன். மிச்சம் நீங்க பாருங்க தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய் வருவதற்குள் போய்விட்டார். நான் வேலியைப் பிடித்தபடி கனநேரம் நின்றேன். அழுதேன் என்று எழுதலாம், இதை யார் பார்க்கப்போகிறார்கள்.

21.06, திங்கள்

இன்றும் காற்று. முதல் பஸ். பூட்டு இறுக்கம், தேங்காய் எண்ணெய் விட்டேன். கூட்டினேன். ஜெ. பிந்திப் பத்துக்கு.

அதே நேரம் பாடசாலை அதிபர் ஒருவர், முன்னொருநாள் குனிந்து மெசினைப் போட்டுத் தந்தவர், கையில் வினாத்தாள் கட்டு. வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார்.

"முதலாளி இல்லையோ?"

"இல்லை சேர். புத்தளம் போயிட்டார்."

"அப்ப நான் அவர் வந்தாப் பிறகு வாறனே."

திரும்பிப் படியிறங்கிவிட்டார். நான் கூப்பிடவில்லை. இரண்டு விரலை வைத்தேன். காற்றாடிச் சத்தம் வீதிக்குக் கேட்கும், அவ்வளவு பழைய மெசின்.

நின்றார். மேசைக்குக் கீழே பார்த்தார், சுற்றிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வந்து கதிரையில் இருந்தார்.

"எத்தினை பக்கம் சேர்?" என்றேன்.