கைகழுவும் தொட்டிக்கு ஓர் அளவு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? என் குட்டிப்பயல் உன்னை ரொம்பப் படுத்துகிறானா?

இங்கே ஒரே கொண்டாட்டம்! ஆலையில் வேலை செய்யும் தாய்மார் நாங்களே சேர்ந்து பிள்ளைகள் காப்பகம் தொடங்குகிறோம். முதல் கூட்டத்தில் எந்த ஊர்க்காரி தலைவி என்று சண்டை. தையல்கார அக்காதான் சுவரைத் தட்டினாள்.

"ஊர்க்கதை அப்புறம் பேசுங்கடி. பிள்ளைங்க கைகழுவுற தொட்டியை எவ்வளவு உயரத்துல வைக்கிறது?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு எழுந்து தன் பிள்ளையின் உயரத்தைச் சுவரில் கைவைத்துக் காட்டினோம். அதன்பின் யாருக்கும் ஊர் ஞாபகமே வரவில்லை.

நான் கைவைத்த இடத்தைப் பார்த்து, "நீ வந்து ஒரு வருசமாச்சே, வந்தப்பவும் இதே உயரம்தானே காட்டினே, பையன் வளரவே இல்லையா?" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

காப்பகம் திறந்ததும் அவனை அழைத்துக்கொள்வேன். கொத்தனார் வருவதற்குள் அவன் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி அனுப்பம்மா. நுனிக்காலில் நிற்பான், விடாதே.

அவசரத்துடன்,
உன் மகள்