பிவண்டிக்கு அனுப்பிய எள்ளு வில்லை

திருத்தணி
2-4-1978

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி பெண்சாதி மணியம்மை எழுதுவது. இங்கே உங்களைப் பெற்ற மாமாவும் நானும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன், வரவில்லை. அங்கே பிவண்டியில் நீங்களும் அண்ணனும் வசந்தியும் நலமாயிருக்க மலைமேல் இருக்கிறவன் துணை செய்யட்டும்.

உங்கள் கடிதம் வந்தது. வசந்திக்கு ஆவணியில் கல்யாணம் என்று படித்தேன். சந்தோஷம்தான் அக்கா, ஆனால் அது எங்கேயோ அடுத்த தெருவில் நடக்கிற மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் தாய்மாமன் எங்கே என்று கேட்கிறார்கள், எத்தனை நாளைக்கு மழுப்புவது, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடு, அவன் ஆத்மாவாவது அலையாமல் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் மை கலைந்திருந்தது. கூடப் பிறந்தவள் அழுதுகொண்டு எழுதியதை நான் எப்படிக் கோபித்துக்கொள்வேன்?

எனக்குத்தான் அழுகை வரவில்லை. லுங்கி மூட்டையோடு மசூலிப்பட்டணம் பக்கம் வியாபாரத்துக்குப் போனவர் கார்த்திகைப் புயலோடு போய்விட்டார் என்கிறார்கள். என் அண்ணன் சிங்காரம் முகாம் முகாமாகத் தேடிவிட்டு வந்தான். ஆளும் இல்லை, மூட்டையும் இல்லை. நான் சமைக்கிறேன், தறி ஓட்டுகிறேன், பொட்டு வைத்துக்கொள்கிறேன். கண்ணாடி பார்க்காமல் வைப்பதால் கோணலாக இருக்கிறதாம், மாமா சொன்னார்.

பங்குனி வெயில் வந்துவிட்டதால் தெருவில் எல்லா மாடியிலும் வடாம் காய்கிறது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் வடாம் போடமாட்டார்கள். போட்டாலும் அதை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். அதனால் தெருவே நம் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை. போன வாரம் எதிர்வீட்டு ஜெயம்மாள் ஒரு தட்டு நிறைய வடாம் கொண்டுவந்து வைத்து, இந்த வருசம் நீ போடமாட்டே இல்ல, அதான் எடுத்தாந்தேம்மா என்றாள். நல்ல மனசுதான். நானும் ஆங் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அவள் படியிறங்கிப் போன பிறகுதான் எதற்கு ஆங் சொன்னேன் என்று உறைத்தது.

சரி, அக்கா சொன்னபடியே செய்துவிடலாம், ஐயரிடம் நாள் கேட்கலாம் என்று எள் டப்பாவை எடுத்தேன். எடுத்த கையோடு தறிக்கொட்டகைக்குள் போய்விட்டேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியாது. மூலையில் உங்கள் தம்பியின் பெட்டி இருந்தது. அடைமழையில் கஞ்சி போட்ட நூல் காயவில்லை என்று பழைய மர அலமாரிக்குள் கம்பிவலைத் தட்டு அடித்து, அடியில் பல்பு எரியவிட்டு, பக்கத்தில் ஓட்டை போட்டு ஃபேன் வைத்தாரே, அதுதான். கோழிக்குஞ்சுப் பெட்டி என்று ஊரே கேலி செய்தது. நூல் என்னவோ சுமாராகத்தான் காய்ந்தது. எள்ளு வில்லை வடாம்தான் பிரமாதமாகக் காய்ந்தது. எண்ணெயே வேண்டாம், அப்படியே கடிக்கலாம் என்று போன வருஷம் உங்களை அதன் எதிரிலேயே நிற்க வைத்துத் தின்னச் சொன்னார். நீங்களும் வருஷா வருஷம் அனுப்பு என்றீர்கள்.

அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினேன். எள்ளைக் கொட்டினேன். அவர் கழுவிக் காயவைத்துப் பாட்டிலில் போட்டிருந்த வெள்ளரி விதையையும் பூசணி விதையையும் கொட்டினேன். மெல்லிசாகத் தட்டில் தேய்த்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மாடியில் போட்டால்தானே ஊர் பார்க்கும்?

காலையில் மொறுமொறுவென்று இருந்தது. மாமா ஒன்றைக் கடித்துவிட்டு, உப்பு போடலியா மணி என்றார். உப்பில்லாத சோறு யாருக்கு வைப்பது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயில் இருந்ததை அவர் துப்பவும் இல்லை, மெல்லவும் இல்லை. அன்றைக்கு நாங்கள் தறி ஓட்டவில்லை.

மறுநாள் உப்பு போட்டு மறுபடியும் செய்தேன். கொட்டகைக் கதவை இந்தத் தடவை சாத்தவில்லை. தட்டை வாங்கிப்போக வந்த ஜெயம்மாள் பார்த்துவிட்டாள். தட்டை வெறுமனே திருப்பித் தரலாமா? எள்ளு வில்லையை நிரப்பி நீட்டினேன். இன்னாம்மா இது என்று நின்றுவிட்டாள். அவரு வந்தா கேப்பாரு என்று என் வாய் சொன்னது. அவள் முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். தின்றாளா, கொட்டினாளா, தெரியாது.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்புவதாக நினைக்காதீர்கள். நம்புகிற அளவுக்கு எனக்குள் ஒன்றும் மிச்சமில்லை. எள்ளை இறைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். என்னால் முடிவு சொல்ல முடியவில்லை அக்கா. நீங்கள் அவரைத் தூக்கி வளர்த்தவர், நீங்கள் சொல்லுங்கள்.

இத்துடன் பார்சலில் எள்ளு வில்லை அனுப்பியிருக்கிறேன். நீங்களும் வசந்தியும் தின்றுவிட்டால், உப்பு சரியாக இருந்தது என்று ஒரு கார்டு போடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் தாய்மாமன் வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள். வாயில் வைக்க மனம் வராவிட்டால் காக்கைக்குப் போட்டுவிட்டு அதையும் எழுதுங்கள். நான் ஐயரிடம் நாள் கேட்கிறேன், உங்கள் பேரில் ஒரு வருத்தமும் இருக்காது.

வசந்தி பூவும் பொட்டுமாக நூறு வருஷம் வாழட்டும். இதை நான் சொல்லலாமா, கூடாதா, அதையும் நீங்களே எழுதுங்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டிலிருந்து,
மணியம்மை