வாட வேண்டிய பாத்தி

12.06.1965
பல்கலைக்கழக விடுமுறைக்குக் கண்டாவளை வீட்டுக்கு வந்தும் ஓய்வில்லை. ஐயா வயல் மூலையில் சில பாத்திகள் தந்திருக்கிறார். நெல் குடலை தள்ளுகிறது, கதிர் வெளிவரும் முன்னான பருவம். பாதிப் பாத்திகளுக்குத் தண்ணீர் உண்டு. மீதி காய வேண்டும். இந்தப் பருவத்தில் காய்ந்தும் எவ்வளவு விளைகிறது என்பதுதான் என் இறுதி வருட ஆய்வு. சரிவந்தால் சிறப்புப் பட்டம், பிறகு ஆராய்ச்சி மாணவியாக இடம்.

19.06.1965
இலை சுருண்டுவிட்டது. எனக்குச் சந்தோஷம். அம்மா என்னைப் பேய் பிடித்தவளைப்போலப் பார்க்கிறா.

27.06.1965
எல்லாம் போச்சு.

கலியாண வீடொன்றுக்கு வவுனியா போய்வந்தோம். வந்து பார்த்தால் காய வேண்டிய பாத்திகளில் தண்ணீர் நிற்கிறது. கதிரும் வரத் தொடங்கிவிட்டது, இனித் திரும்பக் காயவிட ஏலாது. பக்கத்து வயல் இளையதம்பி அண்ணை தன் முறைக்கு வந்த வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி விட்டிருக்கிறார்.

"வாடிக் கிடந்தது, பிள்ளை. ஆளில்லாத வயலைப் பாத்துக்கொண்டு போகேலுமே?"

அவருடைய பயிர் இப்போது காய்கிறது. எப்படி ஏசுவது? பெரிய உபகாரம் அண்ணை என்று சொல்லிவிட்டு வந்து குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன்.

02.07.1965
விளைச்சல் எவ்வளவு குறையும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்து எழுதினால் ஆருக்குத் தெரியப்போகுது? மூன்று வருஷமாக அதைத்தானே செய்தேன்? செய்முறை வகுப்பிலும் விடை முதலே தெரியும். சோதனை பிழைச்சுப்போனால் என்ன செய்யிறதெண்டு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை — எழுதவும் ஏலாமல் கிடக்கு, எழுதாமல் இருக்கவும் ஏலாமல் கிடக்கு.

06.10.1965
விரிவுரையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஆராய்ச்சிப் பயிற்சியெல்லாம் பட்டத்துக்குப் பிறகுதான், இப்போது ஆய்வு முடிவு வேண்டும் என்றார். பயிற்சிக்கு முடிவு வேண்டும். முடிவுக்குப் பயிற்சி வேண்டும். இதை எங்கே போய்ச் சொல்வது?

சாதாரணப் பட்டம்தான்.

14.02.1967
நான் படிப்பிக்கிற கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு இரண்டு தகரப் பேணிகளில் பயறு போட்டிருந்தேன். முளைத்த பிறகு ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். இன்று காலை அந்தப் பேணியும் ஈரம். வகுப்பு முழுக்கக் குனிந்துகொண்டிருந்தது. கடைசியில் விமலேஸ்வரி எழும்பினாள்.

"வாடிப்போச்சு, ரீச்சர்."

அந்தப் பேணியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பரவாயில்லை. எப்ப, எவ்வளவு ஊத்தினதெண்டு எழுதுங்கோ. பிறகு முதலிலையிருந்து தொடங்குவம்."

பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது. இதை அன்றைக்கு எனக்கு ஆராவது சொல்லியிருக்கலாம்.